செக் என்ஜின் லைட்டை 'ரீமேப்' செய்து அணைக்கிறேன் என்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள்

ஆண்டிபட்டிப் பக்கமிருந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றும் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். 2021-இல் வாங்கிய, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் செக்கானூரணிக்கு வரும்போது செக் என்ஜின் லைட் எரிந்தது, இழுவையும் குறைந்துவிட்டது. அங்கே கடை வைத்திருக்கும் பையன் ஒருவன் தன் போனோடு ப்ளூடூத் ஸ்கேனரை இணைத்துப் பார்த்தான். திரையில் வந்த கோளாறு எண் பி2453. என்னவென்று புரியவில்லை என்றாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த போட்டோதான் இன்றைக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி.

கம்பெனி சர்வீஸில் விட்டால் இரண்டு நாள் ஆகும். பூ காத்திருக்காது. தெரிந்தவர் சொன்னார் என்று மதுரை பைபாஸ் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தவர் திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. "அண்ணே, சைலன்சர்ல இருக்க ஃபில்டர் அடைச்சிருச்சு. புதுசு போட்டா லட்சத்தைத் தாண்டும். அதை எடுத்துட்டு ரீமேப் பண்ணி விட்ருவோம். மைலேஜ் ஏறும், இனிமே லைட்டே வராது" என்றார். 22,000 ரூபாய். பில் கிடையாது. நம்பிக் கொடுத்தேன்.

அந்த ஃபில்டர் டிபிஎஃப். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் தேன்கூடு போன்ற பீங்கான். கரி நிறைந்ததும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ கூடுதல் டீசலைப் பாய்ச்சிப் புகையின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, கரியை எரித்துவிடும். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்க, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் அளக்கிறது. என் வண்டியில் பட்டறைக்காரர் கிரைண்டரால் டப்பாவை அறுத்து, பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, வெறும் டப்பாவை வெல்டு வைத்து மூடினார். பிறகு ஃபில்டரையே பார்க்காதே என்று ஈசியூவின் புரோகிராமை மாற்றிவிட்டார். ரீமேப் என்றது இதைத்தான்.

லைட் அணைந்தது. இரண்டு வாரம் சந்தோஷமாக ஓட்டினேன். அப்புறம் கணவாய் ஏறும்போதெல்லாம் கரும்புகை. சைலன்சர் வாயில் விரலை விட்டால் மை மாதிரி ஒட்டியது. 13 கிடைத்த மைலேஜ் 11 ஆனது. எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்குப் போனேன், புகைச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் திருமங்கலத்தில் டீசல் பம்ப் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போய் அந்த போட்டோவைக் காட்டினேன். பார்த்ததும் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். சென்சாருக்குப் போகும் பென்சில் கனமுள்ள இரண்டு ரப்பர் குழாய்களில் ஒன்று, கிளிப்பை ஒட்டிய இடத்தில் நகக்கீறல் அளவுக்குப் பிளந்திருந்தது. "பி2453-ன்னா சென்சார் காட்டுற அளவு சரியில்லைன்னு அர்த்தம் தம்பி. ஃபில்டர்ல கரி மிஞ்சிப்போனா பி2463 வந்திருக்கணும்" என்றார். சில நூறு ரூபாய்க் குழாய்க்காக நல்ல ஃபில்டரை இழந்திருக்கிறேன்.

பட்டறைக்குத் திரும்பிப் போய் என் பீங்கானைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாயிற்றாம். அதன் மேல் பிளாட்டினம் பூச்சு உண்டு, அதற்கென்றே வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஈசியூவின் பழைய ஃபைலாவது கொடுங்கள் என்றால், சேமித்து வைக்கவில்லை என்கிறார். இப்போது கம்பெனியில் ஃபில்டர், புரோகிராம் இரண்டுக்கும் பணம் கட்டியிருக்கிறேன். பொருள் வரும்வரை வாடகை வண்டியில்தான் பூ வருகிறது.

உங்கள் வண்டியில் லைட் எரிந்தால் முதலில் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். திரையைக் காட்ட மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோளாறு எண்களை அழித்ததும், ஈசியூ தன்னைத்தானே சோதித்து வைத்திருக்கும் முடிவுகளும் அழிந்துவிடும். ஸ்கேனரில் 'ரெடினெஸ்' பகுதியில் பல வரிகள் 'சோதனை இன்னும் முடியவில்லை' என்று காட்டினால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.