கோடையில் கைக்குழந்தையோடு மேஜிக் கிங்டம்: குழந்தைப் பராமரிப்பு மையத்தை நம்பிப் போகலாமா?

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் கைக்குழந்தையோடு ஜூன், ஜூலை மாதங்களில் போகலாமா என்ற கேள்வி, அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்து தங்குவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். மூத்த பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். 3 வயது நிறையாத குழந்தைக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதும் இல்லை. திருச்சியிலிருந்து வந்திருந்த என் மாமியார், மாமனாரோடும், ஆறு வயது மகனோடும், நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகளோடும் போய் வந்ததை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். டிஸ்னியின் நான்கு பூங்காக்களில் மேஜிக் கிங்டத்தைப் பற்றியும், அதற்குள் இருக்கும் குழந்தைப் பராமரிப்பு மையத்தைப் பற்றியுமே அதிகம் சொல்லப்போகிறேன். பிஞ்சுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்தப் பூங்காவில் கோட்டையைவிடவும் சவாரிகளைவிடவும் பயன்படும் இடம் அந்த மையம்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுவதற்கு வாய்ப்பு அதிகம். ஜூலையில் ஆர்லாண்டோவின் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரி செல்சியஸ்தான். சித்திரை வெயிலில் 40 டிகிரியைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியாது. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் உடம்பிலேயே நிற்கிறது. உடல் உணரும் வெப்பம் பல நாட்களில் 38 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. "வெயில் ஒண்ணும் பெரிசா இல்லம்மா, இந்தப் புழுக்கம்தான் தாங்க முடியல" என்று அத்தை சொன்னது மிகச் சரி. தவிரவும், ஊரில் எந்தப் பாட்டியும் உச்சி வெயிலில் பேரப்பிள்ளையை வெளியே தூக்கிப்போக விடமாட்டார்; இங்கே பணம் கொடுத்து உள்ளே வந்துவிட்டோம் என்பதற்காக நடுப்பகலிலும் நடந்துகொண்டே இருக்கிறோம். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம்; வியர்த்துக் குளிர்ந்துகொள்ளும் திறனோ குறைவு. அதனால் நமக்குத் தாங்கும் சூடு குழந்தைக்கும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பின்னணியில்தான் குழந்தைப் பராமரிப்பு மையத்தின் அருமை புரியும். மேஜிக் கிங்டத்தின் முதன்மை வீதி முடிந்து கோட்டை முன்னே விரியும் இடத்தில், இடப்பக்கமாக, கிறிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டி அது இருக்கிறது. பக்கத்திலேயே முதலுதவி மையமும் உண்டு. கட்டணம் எதுவும் இல்லை, முன்பதிவும் தேவையில்லை. உள்ளே ஏசி போட்ட பொது அறையில் சோபாவும் மேசை நாற்காலிகளும் தொலைக்காட்சியும் இருக்கின்றன. அதைத் தாண்டினால் பாலூட்டும் தாய்மார்களுக்கென்று ஆடும் நாற்காலிகள் போட்ட தனியறை, குழந்தையை உட்காரவைத்து ஊட்ட உயர நாற்காலிகள், மைக்ரோவேவும் தொட்டியும் கொண்ட சிறு சமையலிடம், டயாப்பர் மாற்றும் அறை, கழிப்பறை. அப்பாவும் தாத்தாவும் குழந்தையோடு தாராளமாக உள்ளே வரலாம், பாலூட்டும் அறை மட்டும் தாய்மார்களுக்கு. பால் பவுடர், குழந்தை உணவு, டயாப்பர், ஈரத் துடைப்பான், சன்ஸ்கிரீன், மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய சில மருந்துகள், மாற்றுடை ஆகியவற்றை அங்கேயே விற்கிறார்கள். வெளிக்கடையில் கிடைக்கும் விலைக்கு அங்கே கிடைக்காது. ஆகவே வீட்டிலிருந்து கொண்டுபோவதை நம்பிப் போய், தீர்ந்தால் மட்டும் வாங்குவது நல்லது.

டயாப்பர் மாற்றும் மேசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொதுக் கழிப்பறைகளில் சுவரில் மடித்துவைத்திருக்கும் பிளாஸ்டிக் பலகையில் குழந்தையைக் கிடத்தினால், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறுகையால் பையைத் துழாவ வேண்டியிருக்கும். குழந்தை புரண்டுவிடுமோ என்ற பயம் வேறு. இங்கே இருப்பவை மெத்தை வைத்த அகலமான மேசைகள். பையை வைக்கவும் பக்கத்தில் இடம் உண்டு. வியர்வையில் நனைந்த உடையை முழுவதுமாகக் கழற்றி, கழுத்து மடிப்பையும் அக்குளையும் தொடையிடுக்கையும் ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, தோல் நன்றாக உலரும்வரை சிறிது நேரம் டயாப்பர் இல்லாமலே விட்டுவைக்க முடிந்தது. புழுக்கத்தில் வேர்க்குரு வராமல் காப்பதற்கு இந்தச் சில நிமிடங்களைப்போல் வேறெதுவும் உதவாது. அத்தை உடனிருந்ததால் இந்த வேலை சுலபமாக முடிந்தது. தனியாகப் போகிற தாய்க்கும் அந்த அறையில் சிரமம் இருக்காது.

சாப்பாட்டு விஷயத்திலும் இந்தப் பூங்கா குழந்தை வளர்க்கிறவர்களுக்குத் தோதாகவே இருக்கிறது. வெளியிலிருந்து உணவு கொண்டுவரத் தடை இல்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது என்ற விதியிலும் குழந்தை உணவுப் புட்டிகளுக்கு விலக்கு உண்டு. குழைய வேகவைத்த பருப்பு சாதத்தை நெய்விட்டு மசித்து, ஐஸ் பேக் வைத்த சிறு பையில் எடுத்துப்போய், பராமரிப்பு மையத்தின் மைக்ரோவேவில் சூடாக்கி ஊட்டலாம். பழகாத இடத்தில், பழகாத சத்தங்களுக்கு நடுவில், பழகிய ருசியாவது இருந்தால் குழந்தை அடம்பிடிக்காமல் சாப்பிடும். சமைத்த சாதத்தை இந்தச் சூட்டில் வெறுமனே பையில் போட்டு நடுப்பகல்வரை சுமக்கக் கூடாது. கெட்டுப்போனது வாசனையில் தெரியாமலேயே வயிற்றுக்கு ஆகாமல் போகும். குடிநீருக்கும் காசு செலவழிக்க வேண்டாம்: குளிர்பானம் விற்கும் விரைவு உணவகங்களில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீரை இலவசமாகவே தருகிறார்கள்.

தண்ணீர் யாருக்கு என்பதில் மட்டும் கவனம் தேவை. 6 மாதம் நிறையாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் வெறும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலையோ புட்டிப்பாலையோ அடிக்கடி கொடுப்பதுதான் முறை. 6 மாதத்திலிருந்து ஒரு வயதுவரை, பாலோடு நாளொன்றுக்கு 120 முதல் 240 மில்லிவரை தண்ணீர் தரலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. சன்ஸ்கிரீனும் 6 மாதத்துக்கு மேல்தான்; அதற்கும் சிறிய குழந்தைக்கு நிழலும் தொப்பியும் மெல்லிய முழுக்கைச் சட்டையும்தான் பாதுகாப்பு. வழக்கத்தைவிட டயாப்பர் நனைவது குறைந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, உச்சிக்குழி உள்வாங்கியதுபோல் தெரிந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, அடுத்த சவாரியைப் பற்றிப் பேசாமல் நேரே முதலுதவி மையத்துக்குப் போய்விட வேண்டும்.

ஸ்ட்ரோலர் விஷயத்தில் என் கருத்து சற்றுக் கடுமையானது. பூங்காவில் வாடகைக்குக் கிடைப்பது கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்த வண்டி. முதுகைச் சாய்த்துப் படுக்கவைக்க முடியாது. நாலைந்து வயதுப் பிள்ளை கால் வலிக்கிறது என்றால் அது போதும். தலை நிற்காத குழந்தைக்கோ, மதியம் இரண்டு மணிநேரம் தூங்கும் குழந்தைக்கோ அது ஏற்றதல்ல. சொந்த வண்டியைக் கொண்டுபோங்கள். அகலம் 79 சென்டிமீட்டருக்கும் நீளம் 132 சென்டிமீட்டருக்கும் மேல் இருக்கக் கூடாது, இழுத்துச் செல்லும் வேகன் வகைக்கு அனுமதி இல்லை. வண்டிக்கு மேல் சால்வையோ துண்டோ போர்த்தி மூடுவது நம்மவர்களிடையே பரவலாக இருக்கும் பழக்கம். வெயில் படாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்வதுதான் என்றாலும், உள்ளே காற்றோட்டம் நின்று சூடு அடைந்துகொள்வதால் இது பேராபத்து. வண்டியின் சொந்தக் கூரையை நீட்டிவிட்டு, விரல் பட்டாலும் காயமாகாத மெல்லிய இறக்கை கொண்ட சிறு மின்விசிறியைக் கைப்பிடியில் மாட்டினால் போதும்.

சவாரிக்குள் போகும்போது வண்டியை வெளியே நிறுத்த வேண்டும்; பெரும்பாலான நிறுத்துமிடங்களில் நிழல் இல்லை. பத்து நிமிடம் வெயிலில் நின்ற வண்டியின் வார்ப்பூட்டும் கறுப்புத் துணியும் கையைச் சுடும். ஆகவே, திரும்பி வந்ததும் புறங்கையால் இருக்கையைத் தொட்டுப் பார்த்து, வாரை விலக்கி, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பிறகு குழந்தையை உட்காரவைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியர் கூட்டத்தில் வசதிதான், ஆனால் இரண்டு உடம்பின் சூடும் ஒன்றுசேர்வதால் ஏசி அறைக்குள் மட்டுமே அதைப் பயன்படுத்துவது உத்தமம்.

சவாரிகளைப் பொறுத்தவரை, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறக்கூடியவை எதிர்பார்த்ததைவிட அதிகம். 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' படகுச் சவாரி பத்து நிமிடத்துக்குக் குறையாமல் குளிர்ந்த கட்டடத்துக்குள்ளேயே மெதுவாகப் போகும். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக முதலில் உருவான அந்தச் சவாரியின் பொம்மைகளையும் விளக்குகளையும் எங்கள் மகள் இமை கொட்டாமல் பார்த்தாள். அதே கண்காட்சியிலிருந்து வந்த 'கேரசல் ஆஃப் பிராக்ரஸ்' சுமார் இருபது நிமிடம் இருட்டிலும் குளிரிலும் நடக்கிற நாடகம்; பெரியவர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்குள் குழந்தை ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடும். உயரத்தில் ஊர்ந்து செல்லும் 'பீப்பிள்மூவர்' ஏசி இல்லாவிட்டாலும் நிழலும் காற்றும் உள்ளது. மாறாக 'மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக்' குளிர்ந்த அரங்கம் என்றாலும் சத்தம் அதிகம் என்பதால் பிஞ்சுக் குழந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூத்த பிள்ளைக்காக 'செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின்' போன்ற 97 சென்டிமீட்டர் உயர வரம்புள்ள சவாரிகளுக்குப் போக, 'ரைடர் ஸ்விட்ச்' என்ற ஏற்பாடு உண்டு: ஒரு பெரியவர் குழந்தையோடு வெளியே காத்திருக்க, மற்றவர்கள் போய் வந்த பிறகு, அவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். நுழைவாயிலில் நிற்கும் ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காத்திருப்பவர் வெயிலில் நிற்காமல் பராமரிப்பு மையத்திலேயே இருக்கலாம் என்பதால், அந்த மையத்துக்கு அருகிலுள்ள சவாரிகளை வெயில் ஏறும் வேளைக்கு வைத்துக்கொள்வது உசிதம்.

மேஜிக் கிங்டத்தின் பெரிய குறை, வெளியேறுவது எளிதாக இல்லை என்பதே. கார் நிறுத்துமிடம் பூங்கா வாசலில் இல்லை. ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்து, பிறகு காருக்குப் போக வேண்டும். குழந்தை சோர்ந்து அழும்போது காரைச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடலாம். மோனோரயிலிலும் படகிலும் ஸ்ட்ரோலரை மடிக்கத் தேவையில்லை என்பது ஓர் ஆறுதல். நிறுத்துமிடத்து டிராமில் மடித்தாக வேண்டும். கோடைப் பிற்பகல்களில் இடியும் மின்னலும் மழையும் அங்கே அன்றாட நிகழ்ச்சி. இரு கடற்கரைகளிலிருந்தும் வரும் கடற்காற்று தீபகற்பத்தின் நடுவே மோதுவதால் மேகம் திரள்கிறது. மின்னல் அருகே வந்ததும் திறந்தவெளிச் சவாரிகள் நின்றுவிடும், கூட்டம் முழுவதும் கூரை தேடி ஓடும். அந்த நேரத்தில் வாசலை நோக்கி நடக்காமல் இருப்பதற்காகவாவது முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும்.

ஆகையால் நான் சொல்லும் நேரக்கணக்கு இதுதான். கதவு திறக்கும்போதே உள்ளே போய், திறந்தவெளியில் இருப்பவற்றை முதலில் முடித்து, பதினொரு மணிக்குப் பராமரிப்பு மையத்துக்கு வந்து ஊட்டித் துடைத்து உடை மாற்றிவிட்டு, நண்பகலில் அறைக்குத் திரும்பிவிடுங்கள்; தெம்பு இருந்தால் மாலை வெயில் தாழ்ந்த பின் மீண்டும் வரலாம். டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்கினால் பூங்கா வாசலுக்கே பேருந்து வரும், கன்டெம்பரரி விடுதியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அந்த வாடகை கையைக் கடிக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வயதுகூட நிறையாத குழந்தை, ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், மேஜிக் கிங்டத்தை விட்டுவிட்டு, டிஸ்னியின் நான்கு பூங்காக்களில் இன்னொன்றான எப்காட்டுக்குப் போங்கள் என்பேன். அங்கே கார் நிறுத்துமிடம் வாசலை ஒட்டியே இருக்கிறது. குழந்தைப் பராமரிப்பு மையம் ஒடிசி கட்டடத்தில் உண்டு. குளிர்ந்த கூடங்களும் அதிகம். 'தி சீஸ்' கூடத்தில் 2 கோடி லிட்டருக்கும் மேல் நீர் கொண்ட மீன்காட்சித் தொட்டி இருக்கிறது. வரிசையும் இல்லை, உயர வரம்பும் இல்லை. குழந்தையைக் கண்ணாடியருகே இறக்கிவிட்டுத் தாத்தா பாட்டி பக்கத்தில் நின்றுகொண்டால், நடுப்பகல் முழுவதையும் வெயில் படாமல் அங்கேயே கழித்துவிடலாம்.