மராக்கேஷில் ஒரே ஒரு மாலை: குதிரையா, ரியாத்தா, சதுக்கமா?

மராக்கேஷில் எந்த ஹோட்டலில் தங்கினாலும் 'மொராக்கோ இரவு' என்று ஒன்றைச் சொல்லி டிக்கெட் விற்பார்கள். பாரம்பரியச் சாப்பாடு, நாட்டுப்புறக் கலை, இரண்டும் ஒரே இடத்தில். அந்தப் பெயரில் கிடைப்பது ஒரே சரக்கு இல்லை என்பதால், பணம் கட்டுமுன் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஊருக்கு வெளியே, பேரீச்சந்தோப்புப் பக்கம் நடக்கும் 'ஃபான்டாசியா' விருந்துதான் அதிகம் விற்பது. கூடாரத்தில் உட்காரவைத்து ஹரீரா சூப், மெஷ்வி என்ற சுட்ட ஆட்டுக்கறி, ஏழு காய்கறி போட்ட கூஸ்கூஸ் (ரவை மாதிரி கோதுமைப் பண்டம்) என்று வரிசையாகப் பரிமாறுவார்கள். பெரிய கூட்டத்துக்குச் சமைத்த பந்திச் சாப்பாடு. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அப்புறம் மைதானத்தில் நடக்கும் தபூரிதாவுக்காகப் போகலாம். குதிரை வீரர்கள் ஒரே வரிசையாகப் பாய்ந்து வந்து, தலைவர் குரல் கொடுத்ததும் நீளத் துப்பாக்கிகளை ஒன்றாக வெடிக்க வேண்டும். அத்தனையும் சேர்ந்து ஒரே வெடியாகக் கேட்டால்தான் சபாஷ். படபடவென்று சிதறினால் உள்ளூர்க்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கலை இது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பழைய நகருக்குள், ரியாத் என்ற நடுமுற்றம் வைத்த வீடுகளில் நடக்கும் உணவகங்களில் சாப்பாடு ஒரு படி மேல். பஸ்தீயா கிடைத்தால் விடாதீர்கள்: மெல்லிய மாவு அடுக்குக்குள் புறாக்கறி (இப்போது பெரும்பாலும் கோழி), பாதாம், மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும். கலைதான் இங்கே இடிக்கும். பல இடங்களில் ஆடவிடும் பெல்லி டான்ஸ் எகிப்துப் பக்கத்துச் சரக்கு, மொராக்கோவின் நாட்டுப்புறக் கலை அல்ல.

மூன்றாவது, ஜெமா எல்-ஃப்னா சதுக்கம். டிக்கெட் கிடையாது. பொழுது சாயும்போது அடுப்புப் புகை கிளம்பும், கூட்டம் வட்டம் வட்டமாகச் சேரும். ஒரு வட்டத்தில் க்னாவா இசை: மூன்று தந்தி கெம்ப்ரி வாத்தியம் அடித்தொண்டையில் உறும, இரும்புத் தாளங்கள் விடாமல் சடசடக்கும். இன்னொன்றில் நகைச்சுவை, பாஷை தெரியாவிட்டாலும் கூட்டத்தின் சிரிப்பு நம்மையும் இழுத்துக்கொள்ளும். இங்கே நிற்கும் கூட்டத்தில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, அதுதான் பெரிய வித்தியாசம். சில்லறை திர்ஹம் கையில் இருக்கட்டும். படம் எடுத்தால் காசு கேட்பார்கள், கொடுப்பதுதான் முறை. சங்கிலி போட்ட குரங்கோடு வருகிறவர்கள் பக்கம் போகாதீர்கள். கடையில் கேட்காமலே மேசைக்கு வரும் ஆலிவுக்கும் ரொட்டிக்கும் பில் வரலாம், விலை கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

சைவக்காரர்கள் மூன்று இடத்திலும் உஷார். ஹரீராவிலும் காய்கறி கூஸ்கூஸிலும்கூடக் கறிச்சாறு இருப்பது சகஜம். கத்திரிக்காயும் தக்காளியும் மசித்த ஸாலூக், ரொட்டி, புதினா டீ என்றால் கவலையில்லை.

ஒரு மாலைதான் கையில் இருக்கிறது, குழந்தைகள் கூட இல்லை என்றால், விருந்தையும் கலையையும் சேர்த்து வாங்காதீர்கள். முதலில் பழைய நகரில் தன்ஜியா சாப்பிடுங்கள். கறி, ஊறவைத்த எலுமிச்சை, சீரகம், பூண்டு எல்லாவற்றையும் மண்சாடியில் அடைத்து, ஹம்மாம் குளியல்கூடத்துக்கு வெந்நீர் போடும் உலையின் சாம்பலில் மணிக்கணக்கில் புதைத்து வேகவைப்பது; மராக்கேஷின் சொந்தச் சமையல். கறி பஞ்சாக உதிரும். அப்புறம் நடந்தே சதுக்கத்துக்கு வந்துவிடலாம்.

குதிரைப் பைத்தியங்களுக்கு மட்டும் ஒன்று: பெரும்பாலும் அக்டோபரில் எல் ஜதீதா என்ற கடற்கரை ஊரில் குதிரைக் கண்காட்சி நடக்கும். அங்கே தபூரிதா குழுக்கள் போட்டிக்கே இறங்குகின்றன.