பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீர்: உலக சுகாதார முதுகலை, படித்து மூன்று வருடம் கழித்து

போன வாரம் கல்லூரி ஜூனியர் ஒருத்தி தன் ஆஃபர் லெட்டரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஸ்காட்லாந்தில் நான் படித்த அதே முதுகலை: உலக சுகாதாரம், நிலைத்த வளர்ச்சி, காலநிலை மாற்றம் மூன்றும் சேர்ந்த ஒரு வருடப் படிப்பு. "அக்கா, சேரட்டுமா? டெபாசிட் கட்ட இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் டைம்." அவளும் என்னைப் போலப் பல் மருத்துவம் முடித்தவள். ஃபீஸ், விசா, 2024 ஜனவரியிலிருந்து இந்த மாதிரிப் படிப்புக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்பதெல்லாம் அவளுக்கே தெரியும். என் கல்விக் கடன் தவணை இன்னும் ஓடுகிறது என்பதும் தெரியும். அதனால் இத்தனை நாள் கழித்து எது கையில் நிற்கிறது, எது உறுத்துகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கையில் நிற்பது அகமதாபாத். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரி வரை போனது. ஆய்வாளர்கள் செய்தது கேட்கச் சாதாரணமான வேலை. அந்த மாதம் நகரத்தில் பதிவான எல்லா இறப்புகளையும் எடுத்து, 2009, 2011 மே மாதங்களோடு வைத்துப் பார்த்தார்கள். 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். வெயில் கொன்றவர்களில் பெரும்பாலோர் சான்றிதழில் மாரடைப்பு, மூச்சுத்திணறல், முதுமை என்றுதான் போகிறார்கள். மொத்தக் கணக்கைப் பார்த்தால்தான் வெயில் தெரியும். வகுப்பில் எண்களை எக்செலில் கொடுத்து எங்களையே கோடு வரையச் சொன்னார்கள். மே 20-ஐ ஒட்டி அந்தக் கோடு நிமிர்ந்து நின்றதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பக்கத்தில் ஆப்பிரிக்க நாடான மலாவியிலிருந்து வந்திருந்த நர்ஸ் அக்கா, "எங்கள் ஊரில் இந்தக் கோட்டைப் போடக்கூட முடியாது, பதிந்தால்தானே" என்றார். அந்த நகரம் 2013-ல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. இன்றைக்கும் யாராவது "எங்கள் பக்கம் வெயிலால் ஒருவரும் சாகவில்லை" என்று அறிக்கை நீட்டினால், நான் முதலில் கேட்பது இறப்புப் பதிவேட்டைத்தான். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது இந்தப் படிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெட் பல்ப் வெப்பநிலை, அதாவது தெர்மாமீட்டர் நுனியில் ஈரத் துணி சுற்றி, சூட்டோடு காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்து எடுக்கும் அளவு, 35 டிகிரியைத் தாண்டினால் மனித உடம்பு தாங்காது என்றுதான் எங்களுக்குப் பாடம். அது 2010-ல் கணக்குப் போட்டுச் சொன்ன எல்லை. நான் படித்துக்கொண்டிருந்த 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிஜமான ஆட்களை அறைக்குள் வைத்துச் சோதித்த ஆய்வு வந்தது. இளவயது, நல்ல ஆரோக்கியம், அப்படியிருந்தும் ஈரப்பதம் மிகுந்த சூட்டில் எல்லை 31 டிகிரி பக்கத்திலேயே வந்துவிட்டது. எங்கள் ஆசிரியர் தன் ஸ்லைடைத் தானே அடித்துவிட்டு மறுபடி நடத்தினார். அந்த நேர்மைக்கு அவரை எப்போதும் மதிப்பேன்.

சரி, உறுத்தலுக்கு வருகிறேன். பரிந்துரைகள். எந்தக் கட்டுரை எழுதினாலும் கடைசி ஐந்நூறு வார்த்தை கொள்கைப் பரிந்துரைகளாக இருக்க வேண்டும். அதை யார் செய்வது, நிலம் யாருடையது, பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று வருடம் முழுக்க ஒருவரும் கேட்கவில்லை. மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோரில் வெயிலில் கரும்பு வெட்டுபவர்களுக்கு வரும் சிறுநீரக நோயையும் நம் ஊர் உப்பளத் தொழிலாளர் நிலையையும் ஒப்பிட்டு நான் ஒரு கட்டுரை எழுதினேன். அங்கே வயலுக்கே தண்ணீரும் நகர்த்தும் நிழற்பந்தலும் கொண்டுபோய், இடைவேளை கொடுத்துப் பார்த்திருந்தார்கள். நானும் தண்ணீர், நிழல், ஓய்வு என்று எழுதினேன். 74 மதிப்பெண், அங்கே அது உயர்ந்த மதிப்பெண். "நடைமுறைக்கு உகந்த பரிந்துரைகள்" என்று குறிப்பு வேறு.

போன வருடம் மே மாதம், தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளம். காலை பதினொரு மணி. ஸ்டாண்டில், வெயிலின் நேரடிச் சூட்டையும் சேர்த்து அளக்கும் கறுப்புக் குண்டு வைத்த வெப்பமானியை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்பே வந்து உப்புச் சுமந்த ஓர் அம்மா வரப்பில் உட்கார்ந்தார். பக்கத்தில் பழைய ஒரு லிட்டர் கலர் பாட்டிலில் தண்ணீர். மேலே இரண்டு விரல்தான் குறைந்திருந்தது. தண்ணீர் இருக்கிறதே, குடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"குடிச்சா ஒதுங்க எங்க போகம்மா?"

சுற்றிலும் வெள்ளைப் பாத்திகள், கண்ணுக்கு எட்டியவரை ஒரு புதர்கூட இல்லை. 74 மதிப்பெண் வாங்கிய என் கட்டுரையில் கழிப்பறை என்ற சொல்லே கிடையாது. ஏன் இல்லை என்று பிறகு யோசித்தேன். நிலைத்த வளர்ச்சிக்கு ஐ.நா. வகுத்த 17 இலக்குகள், 169 உள் இலக்குகள் என்று வாரத்துக்கு ஒன்றாக நடத்தினார்கள். கழிப்பறை 6-வது இலக்கு, அது ஒரு வாரம். வேலை 8-வது, இன்னொரு வாரம். காலநிலை 13-வது, அடுத்த செமஸ்டர். அந்த அம்மாவின் பாட்டிலில் மூன்றும் ஒன்றாக இருந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தானே இந்தப் படிப்புக்கு அத்தனை நீளமான பெயர்?

அப்புறம் அந்தக் கழிப்பறைக்கு அலைந்தோம். நிலம் குத்தகை, கட்டடம் எழுப்ப முடியாது என்றார் ஒருவர். இது எங்கள் எல்லையில் வராது என்றார் இன்னொருவர். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஐந்து மாதம் ஆனது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் என்றது. மனதார வரவேற்றேன். ஆனால் காரணம் வெயில்தான் என்று சான்று வேண்டும். அகமதாபாத் பதிவேட்டில் விட்டுப்போனதும் அதுதானே. இதை யோசிக்க அந்த வகுப்பு உதவியது என்பதை மறைக்க மாட்டேன். அதற்கு மேல் ஒரு படி ஏற அது கற்றுத்தரவில்லை.

இத்தனை நல்லது சொல்லிவிட்டு அவளுக்கு நான் அனுப்பிய பதில்: இந்த வருடம் சேராதே. நேற்றுத்தான் கழிப்பறைக் கோப்பு இரண்டாம் முறை திரும்பி வந்தது, அந்தக் கோபமும் இதில் இருக்கலாம். ஆனாலும் மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. ஏதாவது ஒரு வட்டாரத்தில் இரண்டு வருடம் வேலை பார், கேள்வியோடு போ, அங்கே யாரும் கேட்காததை நீயே கேள் என்றேன்.

"அப்போ நீங்க ஏங்க்கா போனீங்க?" என்று கேட்டாள். சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு உப்பளத்துக்குக் கிளம்புகிறோம், வெப்பமானியைத் தூக்க ஓர் ஆள் வேண்டும், டெபாசிட் கட்டுவதற்கு முன் ஒரு நாள் வந்துவிட்டுப் போ என்று எழுதியிருக்கிறேன்.