தாராவியில் ஒரு கேஸ் பேப்பர்

ஏழு வருஷம் கழித்து சிங்கப்பூரிலிருந்து மும்பை போயிருந்தேன். அத்தை வீடு தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். தோல் பதனிடும் வேலைக்கு திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களின் பேத்தி அவள். மறுநாளே சர்க்கரை மாத்திரைக்காக ஒரு மாநகராட்சி மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிப் போனாள்.

டாக்டரைப் பார்க்க முதலில் வாங்க வேண்டிய சீட்டுக்கு அங்கே கேஸ் பேப்பர் என்று பெயர். அதை எடுக்கவே ஒன்றேகால் மணி நேரம். எங்கள் முறை வந்ததும் "அந்தக் கவுன்டருக்குப் போங்க" என்று மராத்தியில் கை காட்டினார்கள். சிங்கப்பூரில் வரிசை எண் போனுக்கே வந்துவிடும். நான் கொதித்துக்கொண்டிருக்க, அத்தை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

இதே மாநகராட்சியின் கொரோனா வேலையைத்தான் 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் பாராட்டினார். இத்தாலி, ஸ்பெயின், தென் கொரியாவோடு தாராவியையும் சேர்த்துச் சொன்னார். எப்படி நடந்தது என்று அத்தையிடம் கேட்டேன்.

"மொதல்ல காய்ச்சல்னா யாரும் வாயே தெறக்கலல. புடிச்சிட்டுப் போயிருவாம்னு பயம். அப்புறம் நம்ம சந்து டாக்டரே கவச உடுப்பு போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. அவருகிட்ட எப்படி மறைக்க?"

அந்தப் பயம் பழசு. பம்பாயில் 1896ல் பிளேக் வந்தபோது வீடு புகுந்து சோதனை போட்டு நோயாளிகளைத் தூக்கிப் போனார்கள். ஜனம் நோயாளிகளை ஒளித்து வைத்தது, லட்சக்கணக்கில் ஊரை விட்டே ஓடியது. அப்போது, 1897ல், போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020லும் தூசி தட்டி எடுத்தார்கள். சட்டம் அதேதான், கதவைத் தட்டிய ஆள்தான் வேறு. மாநகராட்சி தனியார் டாக்டர்களையும் வீடு வீடாக அனுப்பியது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருந்தால் தனிமைப்படுவது எங்கே? அதனால் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் கட்டில் போட்டு, சாப்பாடும் கொடுத்தார்கள். பொதுக் கழிப்பறைகளுக்குத் திரும்பத் திரும்ப மருந்து அடித்தார்கள்.

முழுக்கப் புகழவும் மனசு வரவில்லை. நிறையப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டதால் நெரிசல் குறைந்தது. அதே ஜூலையில் மும்பையின் வேறு 3 வார்டுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு நோய் எதிர்ப்பொருள் இருந்தது, மற்ற இடங்களில் 16. கிருமி பாட்டுக்கு வந்து போயிருக்கிறது.

சரி, எங்கள் சிங்கப்பூர்? செயலி, ஒழுங்கு, அபராதம் எல்லாம் இருந்தது. ஆனால் நம்மூர்ப் பையன்கள் ஓர் அறைக்குப் பத்துப் பேருக்கு மேல் படுத்திருந்த தொழிலாளர் விடுதிகளை முதலில் யாரும் யோசிக்கவில்லை. விடுதிக்காரர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போனதாக 2020 டிசம்பரில் அரசே கணக்குச் சொன்னது. அடுத்த மாதம் இன்னொன்று தெரிந்தது: தொற்றைத் தடம்பிடிக்க வாங்கிய செயலித் தகவலைக் குற்ற விசாரணைக்குப் போலீஸும் கேட்டு வாங்கலாமாம். அன்றிலிருந்து எந்தப் படிவத்திலும் போன் நம்பர் எழுத எனக்குக் கை வராது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சுகாதாரப் பணிப்பெண் ஒருத்தர் நோட்டோடு சந்துக்குள் வந்தார். மழைக்காலம், மலேரியா, டெங்கு பார்க்கிறார்களாம். டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்காச்சும் காய்ச்சல் இருக்காக்கா?" என்றார், தமிழில்.

"எங்க மருமவனுக்கு ராத்திரியெல்லாம் உடம்பு சுட்டுச்சி, எழுதிக்கோ" என்று அத்தை போட்டுக்கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து நம்பர் கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை தன் நம்பரைச் சொல்லி முடித்திருந்தாள்.