நீல மாத்திரையும் இ.பி.ஓ. ஊசியும்: எது அதிக காலம் துரத்துகிறது?

கிழக்கு ஜெர்மனி 1974 முதல் அரசுத் திட்டமாகவே தன் விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்தது. ஓரல் டூரினபோல் என்ற நீல மாத்திரையைப் பதின்பருவச் சிறுமிகளுக்குக்கூட 'வைட்டமின்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். எத்தனை பெரிய துரோகம்! அது அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது ஆண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்து. தசை ஏறியது, கூடவே குரலும் தடித்தது. மாத்திரையை நிறுத்தினாலும் அந்தக் குரல் பழையபடி ஆவதில்லை. கல்லீரல் பாதிப்பு, இதயத்தசைத் தடிப்பு, மனச்சோர்வு என்று தொல்லைகள் பல ஆண்டுகள் கழித்தும் தலைதூக்கின. 1986இல் குண்டு எறிதலில் ஐரோப்பிய சாம்பியனான கிழக்கு ஜெர்மனி வீராங்கனை ஹைடி கிரீகர் பின்னர் ஆணாக மாறி, ஆண்ட்ரியாஸ் ஆனார். தன் பாலினத்தைத் தானே கண்டறியும் வாய்ப்பை அந்த மருந்து பறித்துவிட்டது என்பதே அவரது வேதனை.

1990களில் சைக்கிள் பந்தயங்களை ஆட்டிப்படைத்த இ.பி.ஓ. (எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன்) ஊசி வேறு வகை. அது ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களைப் பெருக்குவதால் ரத்தம் கெட்டிப்படும்; உறைகட்டி அடைத்தால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். ஆனால் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். ஊசியை நிறுத்தினால் ரத்தம் சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். பயன்படுத்தும் நாட்களில்தான் உயிராபத்து அதிகம்.

நெடுநாள் பாதிப்பு என்று பார்த்தால் நீல மாத்திரைதான் கொடியது என்பேன். ஒன்றுபட்ட ஜெர்மனி 2002இலும் 2016இலும் சட்டமியற்றி, பாதிக்கப்பட்டோருக்குத் தலா பத்தாயிரம் யூரோவுக்குச் சற்று அதிகமாக ஒருமுறை வழங்கியது. ஆயுள் முழுக்க மருத்துவமனைக்கு அலைபவர்களுக்கு இது எந்த மூலைக்கு?