"ஃபயர்வால் ரௌட்டர்" என்ற பெயரில் எனக்கு விற்கப்பட்ட பழைய கணினி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் டியூஷன் நிலையத்தில் நொடிக்கு 500 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகமுள்ள ஃபைபர் இணைய இணைப்பு உண்டு. முப்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் வைஃபையில் சேர்ந்தால் இணைப்போடு வந்த ரௌட்டர் திணறியதால், கணினி பொருத்தும் தொழில் செய்யும் ஒருவரிடம் யோசனை கேட்டேன். "அண்ணே, வீட்டு ரௌட்டர் இதுக்கெல்லாம் தாங்காது, கம்பெனிங்க போடுற ஃபயர்வால் ரௌட்டர் போட்டுடலாம்" என்றார். ஃபயர்வால் என்றால், வெளியிலிருந்து வரும் வேண்டாத இணையத் தொடர்புகளைத் தடுக்கும் காவல். பெட்டிக்கு 1,900 ரிங்கிட், மென்பொருள் லைசென்சுக்கு 600, பொருத்துக்கூலி 150 என மொத்தம் 2,650 ரிங்கிட் கொடுத்தேன். பழைய ரௌட்டரை வைஃபைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, புதுப் பெட்டியை அதற்கு முன்னால் மாட்டிவிட்டுப் போனார்.

அன்று முதல் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. அவர் பழியை ஃபைபர் நிறுவனத்தின் மேல் போட்டார். நிறுவனத்தின் தொழில்நுட்பர் வந்து, புதுப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய ரௌட்டரிலேயே கேபிள் வழியாகச் சோதித்தபோது வேகம் 480ஐத் தாண்டியது. நான் அப்போதே விழித்திருக்க வேண்டும். ஆனால் "செட்டிங் சரிசெய்கிறேன்" என்ற பேச்சை நம்பி இரண்டு மாதம் காத்திருந்தேன். பிறகு ஒரு மாலை இடிமழையில் மின்சாரம் போய் வந்ததும் பெட்டி எழவே இல்லை. ஐந்தாம் படிவ மாணவர்களின் எஸ்பிஎம் தேர்வுக்கு முந்தைய வாரம், இரவு எட்டு மணி இணைய வகுப்பு நின்றுபோனது.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது, "திறந்தால் உத்தரவாதம் செல்லாது" என்ற ஒட்டுத்தாளைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்தது 2012 காலத்து அலுவலகக் கணினி. ஏதோ நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டிய தடம்கூட அழியவில்லை. கேபிள் செருகும் போர்ட்டுகளில் ஒன்று கிகாபிட், அதாவது 1,000 எம்பிபிஎஸ்; மற்றொன்று 100 எம்பிபிஎஸ் பழைய நெட்வொர்க் அட்டை: 94இன் காரணம் அதுதான். மதர்போர்டின் பொத்தான் பேட்டரி செத்திருந்ததால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் யாராவது விசைப்பலகையைச் செருகி எஃப்1 விசையைத் தட்டும்வரை அது காத்துக்கொண்டு நிற்குமாம். 600 ரிங்கிட் லைசென்ஸ் என்றது ஓபிஎன்சென்ஸ் என்னும் ஃபயர்வால் மென்பொருள், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள்.

கணினியை ரௌட்டராக்குவதே மோசடி என்று நான் சொல்லவில்லை. இரண்டு நல்ல கிகாபிட் போர்ட்டுகளும் எஸ்எஸ்டி என்னும் சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமும் இருந்து, பழுதானால் பார்க்கத் தெரிந்த ஆளும் பக்கத்தில் இருந்தால், மலிவான ரௌட்டர்களால் இயலாத பலவற்றை அது செய்யும். என் நிலையத்தில் அப்படி ஆள் கிடையாது. அந்தக் கணினி 55 வாட் இழுத்தது, அதாவது மாதம் ஏறக்குறைய 40 யூனிட்; சிறு ரௌட்டருக்குப் பத்து வாட்டே அதிகம், காற்றாடி இல்லை, மின்சாரம் வந்ததும் தானே எழுந்துகொள்ளும். இதைவிட எரிச்சலூட்டியது வேறு: எனக்கு முதலில் இருந்த கோளாறு ரௌட்டிங்கிலேயே இல்லை, முப்பது கைப்பேசிகள் ஒரே வைஃபை ரேடியோவில் நெரிந்ததுதான் கோளாறு. இப்போது ஐந்து கிகாபிட் போர்ட்டுகள் கொண்ட ஒரு மைக்ரோடிக் நிறுவன ரௌட்டரும், வைஃபையைப் பரப்பும் இரண்டு ஆக்சஸ் பாயின்டுகளும் போட்டிருக்கிறோம். கொடுத்த 2,650இல் பாதிகூட ஆகவில்லை.

பெட்டியை விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பழசு இல்லன்னு நான் எப்பண்ணே சொன்னேன்?" என்றார். பில்லைப் பார்த்தேன், "ஃபயர்வால் சிஸ்டம் 1" என்பதற்கு மேல் மாடலோ வரிசை எண்ணோ இல்லை. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கிடலாம் என்பதால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நினைத்தேன். ஆனால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொதுவாகச் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்கு வாங்கப்படும் வகைப் பொருளை வாங்குபவரையே பயனீட்டாளர் என்கிறது. என் பில்லோ, கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கியபடி, டியூஷன் நிலையத்தின் பெயரில் இருக்கிறது.