சில்வர்ஸ்டோன் ஜிடி09: டிவிக்குக் கீழே ஒரு முழு கம்ப்யூட்டர்

பெட்டியைப் பிரித்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "என்னங்க, ஆம்ப்ளிஃபையரா வாங்கிட்டு வந்தீங்க?" அந்தக் கேள்விக்காகத்தான் நான் இதை வாங்கினேன். ஹாலில் நிமிர்ந்து நிற்கிற டவர் கம்ப்யூட்டர் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஜிடி09 படுத்த வாக்கில் இருக்கிற கேஸ், அதாவது கம்ப்யூட்டர் பாகங்களை உள்ளே வைக்கிற பெட்டி. அகலம் 440, உயரம் 170, ஆழம் 358 மில்லிமீட்டர். தூரத்தில் நின்று பார்த்தால் பழைய ஆடியோ செட் மாதிரிதான் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்தது, எதையும் சின்ன அளவில் தேடி அலைய வேண்டாம் என்பது. ஏடிஎக்ஸ் என்கிற சாதாரண முழு அளவு மதர்போர்டும் சாதாரண பவர் சப்ளையும் அப்படியே உட்காருகின்றன. முன்னால் ஒரு டிவிடி டிரைவுக்கும் இடம் உண்டு. அப்பாவின் அறுபதாம் கல்யாண டிவிடிகளைக் கணினிக்கு மாற்ற எனக்கு அது தேவைப்பட்டது.

தாராளம் எல்லாம் நீள அகலத்தில்தான், உயரத்தில் கிடையாது. ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கிற கூலருக்கு இந்தக் கேஸ் தரும் உயரம் 138 மி.மீ. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹைப்பர் 212 கூலர் ஏறக்குறைய 159. நான் அளக்கவில்லை. போர்டை முடுக்கி, பேஸ்ட் தடவி, கூலரை மாட்டி, மூடியை வைத்தால் இரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவிலும் கடை இல்லை. மறுநாள் போய் 70 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்12எஸ் கூலர் வாங்கி வந்தேன். ப்ராசஸர் இன்டெல் ஐ3-12100தான், அதற்கு இது தாராளம். ஏஎம்டியின் 5600ஜி ப்ராசஸர் வாங்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அதன் கிராஃபிக்ஸில் ஏவி1 என்கிற புது வகை வீடியோவுக்கு ஹார்டுவேர் டிகோடிங் (வீடியோவைச் சிப்பே நேரடியாகப் பிரித்துக் காட்டுகிற வசதி) கிடையாது, 12100-இல் உண்டு. படம் பார்க்கவே கட்டுகிற மெஷினுக்கு எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

இரண்டாவது தப்பும் என்னுடையதுதான். எங்கள் டிவி ஸ்டாண்டின் தட்டு உள்ளளவு 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. "கரெக்டா உட்காருதே" என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கேஸின் ஃபேன்கள் பக்கவாட்டில் இருக்கின்றன! பக்கத்துக்கு ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. ஒரு படம் முடிவதற்குள் ஃபேன் இரையத் தொடங்கிவிட்டது. கடைசியில் ஸ்டாண்டின் மேல்தட்டுக்கு மாற்றினேன். டிவி சுவரில்தான் தொங்குகிறது என்பதால் தப்பித்தேன். இப்போது சீலிங் ஃபேன் சத்தத்தில் மெஷின் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. ஆழத்துக்கும் 358-ஐ மட்டும் நம்பாதீர்கள், பின்னால் எச்டிஎம்ஐ ஒயர் வளைய இரண்டு அங்குலமாவது விடுங்கள். காற்று உள்ளே வரும் இடங்களில் ஃபில்டர் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருப் புழுதிக்கு மாதம் ஒருமுறை கழற்றித் தட்டிவிடுகிறேன்.

மென்பொருள் லிப்ரெஎலெக், அதாவது கோடி (Kodi) என்கிற வீடியோ பிளேயரை ஓட்டுவதற்கென்றே இருக்கிற லினக்ஸ். சுவிட்சைப் போட்டால் நேராகக் கோடி திரைக்கே வந்துவிடும், விண்டோஸ் அப்டேட் தொல்லை இல்லை. ஆனால் லினக்ஸில் நெட்ஃப்ளிக்ஸ் 4கே வராது. அதற்கு டிவியில் இருக்கிற ஆப்தான்.

அப்புறம் ரிமோட். கம்ப்யூட்டர் எச்டிஎம்ஐயில் பொதுவாக சிஇசி வசதி (டிவி ரிமோட்டின் கட்டளையை எச்டிஎம்ஐ ஒயர் வழியே அனுப்புவது) இருக்காது, அதனால் டிவி ரிமோட்டை அமுக்கினால் கோடி அசையாது. ஃப்ளர்க் என்ற யுஎஸ்பி ரிசீவர் ஒன்று வாங்கி, பழைய டிடிஎச் ரிமோட்டின் பட்டன்களை அதற்குப் பழக்கினேன். கீபோர்டைத் தொடவே பயந்த அம்மா, இப்போது அந்த ரிமோட்டில் அறுபதாம் கல்யாணத்தை மாலை மாற்றுகிற இடம் வரை ஓட்டி, அங்கே நிறுத்தி வைத்துப் பார்க்கிறார்.